திங்கட்கிழமை போன் செய்கிறவர்

வேப்பந்தட்டையிலிருந்து எங்கள் கிளினிக்குக்கு வரும் ஒரு சிறுமிக்கு மேல்வரிசை முன்பற்கள் நான்கும் சொத்தையாகிவிட்டன. அது இரவில் அவளுக்குக் கொடுத்த பால் பாட்டிலாலா, அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நான் அவள் அம்மாவிடம் சொன்ன ஒரு வாக்கியத்தாலா?

நான் பல் மருத்துவர். வீடு குரும்பலூரில். பெரம்பலூரில் வேறொருவர் நடத்தும் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். எனக்கும் நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். மேலே கேட்ட கேள்விக்குப் படித்த புத்தகங்களில் பதில் தேடிவிட்டேன். இரண்டாலும் இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றும் போட்டிருக்கிறது. அந்த அம்மாவிடம் நான் பால் பாட்டிலை மட்டும்தான் சொன்னேன். என் வாக்கியத்தைச் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டுமா என்று ஏழு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

யோசிக்கும்போதெல்லாம் ஒருவர் ஞாபகம் வருகிறது. அரியலூரில் பல் மருத்துவராக இருந்தவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். நான் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவேன். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் படித்துவிட்டு, அவரைப் பற்றி நல்லதாக எழுதிய இடங்களில் எது எது தவறு என்று எனக்குப் போன் செய்து சொல்வார்.

அவரை நான் வகுப்புகளில் பார்த்தேன். பல் மருத்துவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பதற்கு, படிப்பு முடிந்த பிறகும் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று காட்ட வேண்டும். தொடர் கல்வி என்று பெயர். ஒரு வகுப்புக்கு இத்தனை பாயிண்ட் என்று சர்டிபிகேட் கொடுப்பார்கள். பாயிண்ட் குறைந்தால் புதுப்பிப்பது சிக்கலாகும். புதுப்பிக்காவிட்டால் தொழில் செய்ய முடியாது.

பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, திருச்சியில், ஏதாவது ஒரு ஓட்டலின் ஏ.சி. ஹாலில் நடக்கும். காலையில் கையெழுத்து. கூடவே ஒரு பை, ஒரு பேனா. பதினோரு மணிக்கு டீ. ஒன்றரைக்குச் சாப்பாடு. மாலையில் சர்டிபிகேட். கையெழுத்துக்கும் சாப்பாட்டுக்கும் சர்டிபிகேட்டுக்கும் ஹால் நிரம்பியிருக்கும். இடைப்பட்ட நேரத்தில் அப்படி இருக்காது. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆறு நாள் குனிந்து நின்று வேலை பார்ப்பவர்களுக்குச் சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் கண் சொருகும். நானே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளை பால் குடித்ததா என்று மாமியாருக்கு மெசேஜ் அனுப்பியபடியே பாதி வகுப்பைத் தவறவிட்டிருக்கிறேன். பாயிண்ட் மட்டும் முழுதாக வந்தது.

மேடம் முதல் வரிசை. முதல் வரிசையில் பெரும்பாலும் அவர் மட்டும்தான். வரதராஜன்பேட்டைப் பக்கம் வாத்தியார் குடும்பத்துப் பெண். வகுப்பு இருக்கும் வாரங்களில் ஞாயிற்றுப் பூசைக்குப் பதில் சனிக்கிழமை மாலையே சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு, ஞாயிறு விடியக் கிளம்பி வந்துவிடுவார். பேச்சாளர் கடைசியில் "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்பது ஒரு மரியாதைக்கு. யாராவது எழுந்து கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்ப்பதில்லை. மேடம் எழுந்து கேட்பார். கேள்வி எப்போதும் "எங்க ஊர்ல" என்று தொடங்கும்.

"எங்க ஊர்ல முந்திரிக்காட்டு வேலைக்குப் போறவங்க காலைல ஆறு மணிக்குப் போனா சாயந்தரம்தான் வருவாங்க சார். நீங்க மூணு வேளை வாய் கொப்பளிக்கச் சொல்றீங்க. நடு வேளைக்கு என்ன பண்றது?"

"வீட்டுக்கு வந்ததும் பண்ணச் சொல்லுங்க மேடம்."

"அப்ப ரெண்டு வேளைதானே சார் வருது."

பின்வரிசையிலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள்: "மேடம், பிரியாணி ஆறுது."

"ஆறட்டும் சார். பல்லுக்கு நல்லது" என்பார், திரும்பிப் பார்க்காமலே.

ஒரு முறை வகுப்பின் நடுவில் அவருக்குப் போன் வந்தது. நோயாளி ஒருவருக்குப் பல் எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. வெளியே வராந்தாவில் நின்று, பஞ்சை எப்படி மடித்து எவ்வளவு நேரம் கடிக்க வேண்டும் என்று சொல்லி, நின்றுவிட்டது என்று பதில் வரும்வரை காத்திருந்துவிட்டு உள்ளே வந்தார். நாற்பது நிமிடம் போயிருந்தது. மாலையில் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு ஏற்பாட்டாளரிடம் போனார்.

"இதுல நாப்பது நிமிசம் நான் உள்ள இல்ல சார். அதுக்கு உண்டான பாயிண்ட்ட குறைச்சுக்குங்க."

ஏற்பாட்டாளர் சின்ன வயதுக்காரர். அவரிடம் பாயிண்ட் கேட்டு வந்தவர்களைச் சமாளிக்க வழி இருந்தது. திருப்பிக் கொடுக்க வந்தவரை என்ன செய்வது என்று தெரியவில்லை. "அப்படிக் குறைக்க முடியாது மேடம். சாப்ட்வேர்ல முழு நாள்தான் இருக்கு" என்றார். மேடம் அங்கேயே நின்று சர்டிபிகேட்டின் பின்புறம், 'இந்த வகுப்பில் நாற்பது நிமிடம் நான் வெளியில் இருந்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பின்புறத்தை யாரும் பார்க்கப்போவதில்லை என்று நான் சொன்னேன். "பாத்தா இருக்கட்டும்" என்றார்.

திருச்சியிலிருந்து அரியலூருக்கு நேராகப் பஸ் உண்டு, ரயில் உண்டு. மேடம் என்னோடு பெரம்பலூர் பஸ்ஸில் ஏறுவார். பெரம்பலூரில் இறங்கி அங்கிருந்து அரியலூர் பஸ் பிடிப்பார். ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதல்.

"ஏன் மேடம் சுத்திக்கிட்டு வர்றீங்க?" என்று முதல் தடவை கேட்டேன்.

"நேர் பஸ்ல பக்கத்துல யாராச்சும் தூங்குவாங்க. நீயா இருந்தா வகுப்பப் பத்திப் பேசிக்கிட்டு வரலாம்."

எனக்கும் தூக்கம் வரும் என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. சமயபுரம் தாண்டும்வரை வகுப்பில் கேட்டதைச் சொல்லுவார். நான் மெசேஜ் அனுப்பித் தவறவிட்ட பாதியும் அதில் வந்துவிடும். பாடாலூர் வந்ததும் டைரியைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்குவார். முன்பக்கம், வகுப்பில் சொன்னவை. பின்பக்கம், வகுப்பில் சொன்னபடி பார்த்தால் அவர் இதுவரை யார் யாருக்கு என்ன தவறாகச் செய்திருக்கிறார் என்ற பட்டியல். பெயர், ஊர், எந்தப் பல். பஸ் குலுங்குவதால் அந்தப் பக்கத்து எழுத்து மட்டும் கோணலாக இருக்கும்.

திங்கட்கிழமை அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குப் போன் செய்வார்.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் நேரில் பார்த்திருக்கிறேன். என் கணவரின் அக்கா அரியலூரில் இருக்கிறார். அங்கே போகும்போது இரண்டு மூன்று திங்கட்கிழமை மேடத்தின் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறேன். உரக்கடைக்கு மேல் மாடி. படியேறும்போது பூச்சிமருந்து வாடை அடிக்கும், உள்ளே போனால் கிராம்பு எண்ணெய் வாடை. மேடத்துக்கு உதவியாகச் சாந்தி அக்கா என்று ஒருவர் இருந்தார். ஞாயிறு வகுப்பு என்றால் சாந்தி அக்காவுக்குச் சனிக்கிழமையே முகம் மாறிவிடும்.

"இவங்க திருச்சிக்குப் போனாலே எனக்குத் திங்கக்கிழமை வேலை ஓடாது டாக்டர்" என்று என்னிடம் சொன்னார். "எதை மாத்திக்கிட்டு வரப்போறாங்களோ."

மேடம் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஒரு முறை ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயி ஒருவர்.

"அரியலூர் பல் டாக்டர் பேசுறேங்க. ரெண்டு வருசம் முன்ன உங்களுக்குக் கடவாப்பல் எடுத்தேன்ல?"

"ஆமாங்க."

"அப்ப அஞ்சு நாளைக்கு மாத்திரை எழுதிக் குடுத்தேன். உங்களுக்கு அது தேவையே இல்லைங்க. நான் தப்பா எழுதிட்டேன்."

"சரிங்க. இப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம்."

"அப்ப எதுக்குங்க போன்?"

"உங்களுக்குத் தெரியணும்ல."

அந்தப் பக்கம் மாடு கத்தியது. பிறகு அவர், "பல்லு எடுத்தது சரிதானுங்களே?" என்றார்.

"அது சரிதாங்க."

"அப்ப வெச்சுருங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

இன்னொருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இருதய நோய்க்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். பல் எடுப்பதற்கு முன் அந்த மாத்திரையை ஐந்து நாள் நிறுத்தும்படி மேடம் ஒரு காலத்தில் சொல்லியிருந்தார். அப்படி நிறுத்தச் சொல்வது ஆபத்து என்று அந்த வாரத்து வகுப்பில் சொன்னார்கள்.

"நான் நிறுத்தவே இல்லையேம்மா. மறந்துட்டேன்" என்றார் தலைமையாசிரியர்.

"நல்லதாப் போச்சு சார். நிறுத்தச் சொன்னது என் தப்பு."

"ஆக, நீங்க சொன்னதக் கேக்காம இருந்ததுதான் சரி."

"ஆமா சார்."

"இனிமேலும் அப்படியே இருந்துக்கறேம்மா" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். சாந்தி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

மேடம் ஒருபோதும் 'இப்ப மாத்திட்டாங்க' என்று சொல்ல மாட்டார். 'புதுசா இப்படிச் சொல்றாங்க' என்றும் சொல்ல மாட்டார். ஒவ்வொரு போனிலும் 'நான் தப்பாச் சொன்னேன்' என்பார். அவர் அதைச் சொன்ன காலத்தில் அதுதான் எல்லோரும் சொன்னது. நானும் கல்லூரியில் அதைத்தான் படித்தேன். அதை அவரிடம் எடுத்துச் சொன்னேன்.

"எல்லாரும் சொன்னாங்க, சரி. அவர்கிட்ட சொன்னது யாரு?" என்றார்.

இதனால் என்ன ஆகும் என்று எதிர்பார்ப்போமோ அது ஆயிற்று. 'அந்த டாக்டரம்மாவுக்கே சந்தேகமாம்' என்று பேச்சு பரவியது. எதிர்ச் சாரியில் இன்னொரு பல் மருத்துவர் இருந்தார். வகுப்புகளுக்கு வருவார், கையெழுத்துப் போடுவார், மறுபடி மாலையில் வருவார். அவர் கிளினிக்கில் சர்டிபிகேட்டுகள் கண்ணாடிச் சட்டத்தில் வரிசையாகத் தொங்கும். ஒருவருக்கும் போன் செய்ததில்லை. அவரிடம் கூட்டம். இருவருக்கும் ஒரே பாயிண்ட்தான்.

ஆனால் மேடம் செய்தது முழுக்கச் சரி என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. ஒரு மூதாட்டிக்கு இதேபோல, பல் எடுத்தபோது கொடுத்த மாத்திரை தேவையில்லாதது என்று போன் செய்தார். அந்த அம்மா அன்றோடு சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டார். வீட்டில் கேட்டதற்கு, "டாக்டரே போன் போட்டு மாத்திரை வேணாங்குறாங்க" என்று சொல்லியிருக்கிறார். பத்து நாளில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். மேடம் போய்ப் பார்த்தார். மகன் வாசலில் வைத்தே பேசினார். "உங்க படிப்ப நீங்களே வெச்சுக்கங்க. எங்க வீட்டுக்குப் போன் பண்ணாதீங்க."

அதற்குப் பிறகு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. சொல்லி முடித்ததும், "நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க பாப்போம்" என்று கேட்கத் தொடங்கினார். போன்கள் இன்னும் நீளமாயின.

ஒரு நாள் பஸ்ஸில் கேட்டேன். "இது அவங்களுக்காகப் பண்றீங்களா மேடம், உங்க மனசுக்காகப் பண்றீங்களா?"

"ரெண்டுக்கும் ஒரே போன்தானே ஆகுது" என்றார்.

இனி என் விஷயம். மூன்று வருடம் முன்பு ஒரு வகுப்பு, சிறு குழந்தைகளின் பல் பராமரிப்பு பற்றி. அதுவரை நான் கைக்குழந்தைகளின் அம்மாக்களிடம் ஒரு வாக்கியம் சொல்லிக்கொண்டிருந்தேன்: 'மூணு வயசு வரைக்கும் பேஸ்ட்டே வேணாம், ஈரத்துணியால துடைச்சா போதும்.' குழந்தை பேஸ்ட்டை விழுங்கிவிடும் என்ற பயம். வகுப்பில் சொன்னது வேறு. முதல் பல் முளைத்த நாளிலிருந்தே ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், ஒரு அரிசி அளவு, தினம் இரண்டு முறை. மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு. அந்த அரிசி அளவு இல்லாவிட்டால் சொத்தைக்கு வாய்ப்பு அதிகம்.

என் மகளுக்கு அப்போது கீழே இரண்டு பல் முளைத்திருந்தது. நான் பேச்சாளரின் திரையில் அரிசி எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த அரிசி, பச்சரிசியா, இட்லி அரிசியா என்று கவலையாக இருந்தது. கேட்க வெட்கமாகவும் இருந்தது.

மேடம் எழுந்தார். "எங்க ஊர்ப் பக்கம் சில போர் தண்ணிலயே ஃப்ளோரைடு அதிகமா இருக்குங்கறாங்க சார். அந்தப் பிள்ளைங்களுக்கும் இதே அளவுதானா?"

"நல்ல கேள்வி மேடம். தண்ணிய டெஸ்ட் பண்ணிப் பாத்துத்தான் சொல்லணும்" என்றார் பேச்சாளர். பிரியாணி தயாராக இருந்தது.

நாங்களெல்லாம் அந்தப் பதிலை அங்கேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். மேடம் அடுத்த வாரத்திலிருந்து நோயாளிகளை வீட்டுத் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொன்னார். பரிசோதனைக்கு அனுப்ப வேண்டிய பாட்டில்கள் படிக்கட்டில் வரிசையாக நின்றன. கீழே உரக்கடைக்காரர், "டாக்டரம்மா தண்ணி கம்பெனி வைக்கிறாங்களா?" என்று சாந்தி அக்காவிடம் கேட்டிருக்கிறார்.

அன்று பஸ்ஸில் பாடாலூரைத் தாண்டியதும் மேடம் தன் டைரியைத் திருப்பவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீ எத்தனை பேர்கிட்ட பேஸ்ட் வேணாம்னு சொல்லியிருப்ப?"

அவரிடம் குழந்தைகள் அதிகம் வருவதில்லை. என்னிடம் வருவார்கள்.

"தெரியல மேடம். பதிவப் பாத்தா தெரியும்."

"பாத்துடு. நாளைக்குத் திங்கக்கிழமை."

பார்த்தேன். ஒன்றரை வருடத்தில் பதினொரு பேர். கிளினிக்கை நடத்தும் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்த நாட்களில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"போன் போட்டா என்ன ஆகும்னு யோசிச்சியாம்மா?" என்றார். "'டாக்டர் தப்பாச் சொல்லிட்டாங்க' – இது மட்டும்தான் காதுல விழும். அரிசி அளவு, ரெண்டு வேளை எதுவும் விழாது. அரியலூர்ல அந்தப் பாட்டிக்கு என்ன ஆச்சு? செக்கப்புக்கு எப்படியும் வருவாங்கள்ல, வர்றப்ப பக்குவமாச் சொல்லிக்க."

நியாயமாகத்தான் பட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னேன். ஒருவர் பின் ஒருவராக ஏழு பேர் வந்தார்கள். 'இப்ப புதுசா இப்படிச் சொல்றாங்க' என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். மீதி நான்கு பேர் வரவில்லை. வருவார்கள் என்று நினைத்தேன். பிறகு என் மகளுக்குக் காய்ச்சல், மாமியாருக்கு முட்டி வலி, பள்ளிக்கூட அட்மிஷன் என்று போனதில் நான்கு பேரும் மனதில் பின்னால் போய்விட்டார்கள். மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஞாபகம் வரும்போது கிளினிக் நேரம் முடிந்திருக்கும். கிளினிக்கில் இருக்கும்போது ஞாபகம் வராது.

மேடத்தின் கணவர் சிமென்ட் ஆலையில் வேலை பார்த்தார். ஆந்திராவுக்கு மாற்றல் வந்தது. கூட்டம் குறைந்ததால்தான் கிளினிக்கை மூடினார் என்றும் அரியலூரில் சொல்கிறார்கள். இரண்டும் இருக்கலாம். கிளம்புவதற்கு முன் பெரம்பலூருக்கு ஏதோ வேலையாக வந்தவர், பேருந்து நிலையத்துக்கு என்னை வரச் சொன்னார். என் மகளைப் பார்த்ததும் முதலில் வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தாள். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு என்னிடம், "போன் எல்லாம் பண்ணிட்டியா?" என்றார்.

"பண்ணிட்டேன் மேடம்."

"பதினொண்ணும்?"

"பதினொண்ணும்."

"திட்டினாங்களா?"

"இல்ல மேடம்."

அவர் அதை நம்பினார். "உங்க ஊர்க்காரங்க தேவல. எனக்கு எவ்வளவு திட்டு" என்று சொல்லி, முதல் தடவையாக என் தோளில் கை வைத்தார். அரியலூர் பஸ் வந்தது. போய்விட்டார்.

ஏழு மாதம் முன்பு வேப்பந்தட்டை அம்மா வந்தார். வராத நான்கு பேரில் ஒருவர். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். கல்லூரி படித்தவர், எதையும் எழுதி வைத்துச் செய்கிறவர். இரண்டாவது பிரசவத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. பிள்ளையை நாற்காலியில் ஏற்றி உதட்டைத் தூக்கினேன். நான்கு பற்களும் ஈறோரம் கறுத்து உடைந்திருந்தன.

"நீங்க சொன்ன மாதிரியே பேஸ்ட்டே போடல டாக்டர்" என்றார். "எங்க நாத்தனா ஒரு தடவ குழந்தை பேஸ்ட் வாங்கிட்டு வந்துச்சு. டாக்டர் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கன்னு நான்தான் எடுத்து மேல வெச்சுட்டேன். துணியால துடைச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அப்புறம் ஏன் டாக்டர் இப்படி ஆச்சு?"

நான் வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியைத் துடைத்தேன். "ராத்திரி பாட்டில்ல பால் குடுப்பீங்களா?"

"தூங்கறப்ப வாயில வெச்சாத்தான் தூங்குவா."

"அதுதான்" என்றேன்.

பொய் இல்லை. இரவுப் பால் பாட்டிலால் முன்பற்கள் அப்படித்தான் சொத்தையாகும். ஆனால் 'அதுவும்' என்று சொல்லியிருக்க வேண்டும். 'அதுதான்' என்றேன். அவர் அங்கேயே அழுதுவிட்டார்.

சிகிச்சைக்கு ஆறு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மாமியார் தெருவில் எல்லோரிடமும், "காலேஜ் படிச்சவளாம். பாட்டில வாயில வெச்சுட்டு இவ போன நோண்டிக்கிட்டு இருந்தா, புள்ள பல்லு போச்சு" என்கிறாராம். கணவர் வீடியோ காலில் பிள்ளையைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இவரிடம் ஒன்றும் பேசாமல் வைத்துவிடுகிறாராம். "தப்பு என்னுதுதான் டாக்டர். நீங்க அன்னைக்கே சரியாச் சொன்னீங்க" என்று என்னிடமே சொன்னார். நான் அவர் மகளுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

பேஸ்ட் பற்றிச் சொன்னேன். அரிசி அளவு, பட்டாணி அளவு எல்லாம் சொன்னேன். 'இப்ப புதுசா சொல்றாங்க' என்றுதான் சொன்னேன்.

என் பதிவுப் புதுப்பித்தல் போன மாதம் முடிந்தது. பாயிண்ட் போதுமான அளவுக்கு மேலேயே இருந்தது. அந்த அரிசி அளவு வகுப்பின் சர்டிபிகேட்டும் அதில் ஒன்று.

மேடத்திடம் கேட்கலாம். எண் இருக்கிறது. கேட்டால், முதலில் அந்தப் பதினொரு போன்களில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அதோடு, அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். தெரிந்த பதிலைக் கேட்பதற்காக அவரைக் கூப்பிடுவது சரியில்லை என்று தோன்றுகிறது. சரியில்லையா, பயமா என்று பிரித்துப் பார்க்கவில்லை. கிளினிக் சாரிடம் கேட்டேன். "இப்ப சொல்லி அந்தப் பல்லு திரும்ப வருமா?" என்றார். என் கணவரிடம் கேட்டேன். "அவங்க குடும்பத்தோட வந்து சண்டை போட்டா என்ன பண்ணுவ?" என்றார்.

அந்த அம்மாவின் இரண்டாவது குழந்தைக்கு முதல் பல் முளைக்கப்போகிறது. அடுத்த மாதம் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மாமியாரும் வருகிறாராம். மருமகள் இந்தத் தடவையும் தப்பு செய்துவிடக் கூடாது என்று, டாக்டர் வாயாலேயே கேட்க வருகிறாராம்.

ஆகவே இதைப் படிப்பவர்களிடம், முக்கியமாக அம்மாக்களிடம் கேட்கிறேன். நீங்கள் அந்த அம்மாவின் இடத்தில் இருந்தால் நான் சொல்வதைக் கேட்க விரும்புவீர்களா? தனியாகச் சொல்ல வேண்டுமா, மாமியாரை வைத்துக்கொண்டே சொல்ல வேண்டுமா? சொன்ன பிறகு, இரண்டாவது குழந்தைக்கு நான் சொல்கிற அரிசி அளவை நம்புவீர்களா, அல்லது அதையும் எடுத்து மேலே வைத்துவிடுவீர்களா? சொல்ல வேண்டாம் என்று நினைத்தாலும் தயங்காமல் எழுதுங்கள். சொல்லத்தான் வேண்டும் என்றால், முதல் வாக்கியத்தை மட்டும் எப்படித் தொடங்குவது என்று எழுதுங்கள். இரண்டாவது வாக்கியம், மேடம் ஒவ்வொரு போனிலும் சொன்னது, எனக்குத் தெரியும்.